வியட்நாமில் ஏழு வாரம்: எல்லோரும் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

என் தம்பி ஹனோயில் மென்பொருள் வேலையில் இருக்கிறான். அவன் மனைவிக்குப் பிரசவ நேரம். அம்மாவுக்கு மூட்டுவலி, அவ்வளவு நேரம் விமானத்தில் உட்கார முடியாது. அதனால் சென்ற அக்டோபர் தொடக்கத்தில் நான் கிளம்பிப் போனேன். குழந்தை பிறந்து, தம்பி மனைவியின் அம்மாவும் வந்து சேர்ந்த பிறகு, கடைசி ஒன்பது நாள் மட்டும் ரயிலில் தெற்கே இறங்கி ஹுவே, தானாங், சைகோன் பார்த்துவிட்டு ஊர் திரும்பினேன். வந்ததிலிருந்து சொந்தக்காரர்கள், அலுவலகத் தோழிகள், பக்கத்து வீட்டார் என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் இங்கே மொத்தமாகப் பதில் எழுதிவிட்டேன்.

போனவுடன் உங்களுக்கு முதலில் ஆச்சரியமாகப் பட்டது எது?

வயதைக் கேட்டதுதான். தம்பி குடியிருப்பது ஒரு சந்துக்குள். கீழ்த்தளத்தில் வீட்டுக்கார அம்மா, மேலே இவர்கள். நான் பெட்டியை இறக்கி வைத்ததும் அந்த அம்மா தம்பியிடம் கேட்ட முதல் கேள்வி, "உன் அக்காவுக்கு என்ன வயது?" 48 என்றான். அடுத்த கேள்வி, "உங்கள் அம்மாவுக்கு?" 69 என்றான். உடனே அவர் முகம் மலர்ந்தது. "நான் 71. அப்படியானால் நான் பாக்!" என்று தன் நெஞ்சைத் தொட்டுச் சொன்னார்.

தம்பி விளக்கிய பிறகுதான் புரிந்தது. வியட்நாமிய மொழியில் 'நான்', 'நீ' என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லும் பழக்கம் அன்றாடப் பேச்சில் மிகக் குறைவு. 'நான்' என்பதற்குத் 'தோய்' என்று ஒரு சொல் இருக்கிறது. ஆனால் தெரிந்தவர்களிடம் அதைச் சொன்னால் ஒட்டாமல் பேசுவது மாதிரி ஆகிவிடும். எதிரே இருப்பவர் யாராக இருந்தாலும் முறை வைத்துத்தான் பேச வேண்டும். அண்ணன் என்றால் 'ஆன்', அக்கா என்றால் 'சி', தம்பியோ தங்கையோ 'எம்', சித்தப்பா 'சூ', அத்தை 'கோ', தாத்தா 'ஓங்', பாட்டி 'பா'. பெற்றோருக்கு மூத்தவர் என்றால், ஆணோ பெண்ணோ, 'பாக்'. அதனால்தான் என் அம்மாவின் வயது அவருக்குத் தேவைப்பட்டது. அம்மாவைவிட இளையவராக இருந்திருந்தால் நான் அவரை 'கோ' என்று கூப்பிட்டிருக்க வேண்டும். இரண்டு வயது மூத்தவர் என்பதால் எனக்குப் பெரியம்மா ஆகிவிட்டார்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. அதே சொல்தான் 'நான்' என்பதற்கும் 'நீங்கள்' என்பதற்கும். "பெரியம்மா சந்தைக்குப் போகிறேன், பிள்ளைக்கு ஏதாவது வேண்டுமா?" என்ற மாதிரிதான் முழுப் பேச்சும் ஓடும். நம் வீடுகளில் பாட்டி பேரனிடம் "பாட்டி தரேன் வாடா" என்று சொல்வதைப் போல. நமக்கு அது கொஞ்சலில் வருகிறது. அவர்களுக்கு அதுதான் இலக்கணம்.

பழக்கடைக்காரர், பேருந்து நடத்துநர், வங்கி ஊழியர் என்று யாரும் இதற்கு விலக்கில்லை. தேசத் தலைவர் ஹோ சி மின்னைக்கூட 'பாக் ஹோ', அதாவது ஹோ பெரியப்பா என்றுதான் சொல்கிறார்கள். ஹனோய் நடுவிலுள்ள ஹோவான் கியெம் ஏரியில் மிகப் பெரிய ஆமை ஒன்று இருந்தது. 15ஆம் நூற்றாண்டில் லே லோய் மன்னரிடமிருந்து தெய்வ வாளைத் திரும்ப வாங்கிக்கொண்ட ஆமையின் கதை அந்த ஏரிக்கு உண்டு. 2016 ஜனவரியில் அந்த ஆமை இறந்தபோது ஊரே துக்கப்பட்டதாம். அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'கூ ரூவா'. 'கூ' என்றால் கொள்ளுத்தாத்தா, கொள்ளுப்பாட்டி வயதுக்காரர். ஏரித் தீவிலுள்ள கோயிலில் அதன் உடலைப் பதப்படுத்திக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். நான் போனபோது பள்ளிப் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டி, கூ ரூவா, கூ ரூவா என்று மெல்லச் சொல்லிக்கொண்டு நின்றார்கள்.

தமிழில் வளர்ந்த எனக்கு இதெல்லாம் அந்நியமாகவே தெரியவில்லை. ஆட்டோக்காரரை அண்ணா என்றும் பூக்காரியை அக்கா என்றும் கூப்பிடும் ஊரிலிருந்து போனவள். அத்தை வேறு, சித்தி வேறு, சித்தப்பா வேறு, தாய்மாமன் வேறு என்று தனித்தனிச் சொல் வைத்திருக்கும் இன்னொரு மொழிக்கு நடுவே ஏழு வாரம் இருந்தேன். அந்த நாட்டை நான் புரிந்துகொண்டது முழுக்க இந்த வாசல் வழியாகத்தான்.

மொழி தெரியாமல் எப்படிச் சமாளித்தீர்கள்?

எழுத்து ரோமன் எழுத்துதான். 17ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கப் பாதிரிமார்கள் உருவாக்கி, பிற்பாடு நாடு முழுக்கப் பரவியது. அதற்கு முன் சீன எழுத்து. ஆகையால் தெருப் பெயரைப் படித்துவிடலாம், சொல்வதுதான் கஷ்டம். ஆறு தொனிகள். 'மா' என்ற ஒரே ஓசையைக் குரலை ஏற்றியும் இறக்கியும் உடைத்தும் சொன்னால் பேய், அம்மா, ஆனால், கல்லறை, குதிரை, நெல் நாற்று என்று ஆறு பொருள் வரும். நான் சொன்னது எது என்று எனக்கே தெரியாது. ஆனாலும் யாரும் முகம் சுளிக்கவில்லை. இரண்டு மூன்று முறை சொல்லிக் காட்டித் திருத்துவார்கள்.

தமிழருக்கு ஒரு வசதி உண்டு. 'ங' எழுத்தை அரிச்சுவடியில் எழுதிப் பழகியதோடு சரி, சொல்லின் முதலில் அதைப் பார்த்திருக்க மாட்டோம். அங்கே பத்துப் பேரில் மூன்று நான்கு பேரின் குடும்பப் பெயரே 'ங'வில்தான் தொடங்குகிறது. செய்தித்தாள்களில் 'நுயென்' என்று வருவது உண்மையில் 'ஙுயென்' போல ஒலிக்கும். சந்துக்கு 'ஙோ' என்று பெயர். வீட்டுக்கு 'ஞா'. இந்த இரண்டு ஒலியும் நம் நாக்கில் தானாக வரும். தம்பியின் அலுவலகத் தோழி ஒருத்தி தன் பெயரை நான் சரியாகச் சொன்னதைக் கேட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வணக்கத்துக்குப் பதில் சாப்பாட்டைக் கேட்பார்கள் என்கிறார்களே?

உண்மை. "ஆன் கோம் சுவா?" என்பார்கள். 'சோறு தின்றாயிற்றா' என்று அர்த்தம். இந்த 'ஆன்' சாப்பிடுவதைக் குறிப்பது, அண்ணன் இல்லை. காலையில் நான் குப்பை போடக் கீழே இறங்கினால் சந்தில் குறைந்தது மூன்று பேராவது கேட்பார்கள். நம் 'சாப்டாச்சா'தான், எழுத்துக்கு எழுத்து.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஏதாவது கிடைக்குமா?

எல்லோரும் பயந்து பயந்து கேட்பது இதைத்தான். கிடைக்கும், தேடத் தெரிந்தால் நன்றாகவே கிடைக்கும். 'சாய்' என்பது சைவ உணவுக்கு அவர்கள் சொல்லும் சொல். பலகையில் 'கோம் சாய்' என்று இருந்தால் அது சைவச் சாப்பாட்டுக் கடை, கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போகலாம். பௌத்த வழக்கம் என்பதால் மடத்தை ஒட்டிய கடைகளில் வெங்காயம், பூண்டுகூட இருக்காது. ஹுவே நகரம் இதற்குப் பேர்போனது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். சந்திர மாதத்தின் 1ஆம் நாளும் 15ஆம் நாளும் நிறையப் பேர் அசைவம் தொடுவதில்லை. நம் அமாவாசை, பௌர்ணமிக் கணக்குதான். அன்று சாதாரணக் கடைகளில்கூடச் சைவ வகைகள் போடுவார்கள். வீட்டுக்கார பெரியம்மா அந்த இரண்டு நாளும் காலையிலேயே வாழைப்பழமும் பூவும் வாங்கி வந்துவிடுவார். நான் ஊரில் அமாவாசை விரதம் இருப்பேன் என்று தம்பி சொன்னதும், "அப்போது நாம் ஒன்று!" என்று என் முதுகில் தட்டினார்.

மற்ற நாட்களில் எச்சரிக்கை தேவை. 'நுவோக் மாம்' என்ற மீன் சாறு அவர்களுக்கு உப்பு மாதிரி, கீரைப் பொரியலிலும் விழும். அரிசி நூடுல்ஸ் சூப்பான ஃபோவின் சாறு எலும்பு வேகவைத்தது. இறைச்சித் துண்டை எடுத்துவிட்டுக் கொடுத்தால் மட்டும் சைவமாகிவிடாது. "ஆன் சாய், மீன் சாறு வேண்டாம்" என்று முதலிலேயே எழுதிக் காட்டிவிடுவது நல்லது. பூண்டு போட்டு வதக்கிய வள்ளைக்கீரை, தக்காளியில் வெந்த சோயாப் பனீர், சோறு, இந்த மூன்றையும் நான் வாரத்தில் நான்கு நாள் சாப்பிட்டேன். எல்லாவற்றோடும் ஒரு தட்டு நிறையப் பச்சை இலைகள் வரும். புதினா, கொத்தமல்லி சரி. அதில் இதய வடிவில் ஓர் இலை இருக்கும், கிள்ளினால் அப்படியே மீன் வாடை. அது வெறும் இலைதான், ஆனால் என்னால் முடியவில்லை.

'பான் சேவ்' என்று ஒன்று உண்டு. அரிசி மாவில் மஞ்சள் தூள் கலந்து சட்டியில் ஊற்றி மொறுமொறுவென்று சுட்டு மடிப்பது. மாவு விழும்போது வரும் ஓசையைத்தான் பெயராக வைத்திருக்கிறார்கள். உள்ளே இறாலும் பன்றி இறைச்சியும் வைப்பார்கள். சாய் கடைகளில் காளானும் முளைகட்டிய பயறும். ஹுவேயில் அதைச் சாப்பிட்டபோது தோசைக்கு ஏங்கியிருந்த நாக்கு அடங்கியது.

அப்புறம் அக்டோபரில் போனால் 'கோம்' கேட்டு வாங்குங்கள். சோற்றைக் குறிக்கும் 'கோம்' வேறு, இது முற்றாத நெல்லை வறுத்து இடித்த பச்சை அவல். ஹனோயின் வோங் கிராமத்துக் கோமுக்குப் பெரிய பெயர். கூடைக்காரப் பெண் தாமரை இலையில் ஒரு பிடி அள்ளி வைத்து, மடித்து, வைக்கோலால் கட்டித் தருவாள். பிரித்தால் இலை வாசமும் பால் நெல் வாசமும் சேர்ந்து வரும். அதை அள்ளி வாயில் போடக் கூடாதாம். மூன்று விரலால் கொஞ்சமாகக் கிள்ளி, மெதுவாக மெல்ல வேண்டும் என்று பெரியம்மா சொல்லித் தந்தார்.

காப்பி எப்படி? அதையே பெரிதாகச் சொல்கிறார்களே?

காப்பி உற்பத்தியில் பிரேசிலுக்கு அடுத்த இடம் வியட்நாமுக்கு. 1857இல் பிரெஞ்சுப் பாதிரிமார்கள் கொண்டுவந்த செடி. பெரும்பாலும் ரொபஸ்டா, நல்ல கசப்பு. 'ஃபின்' என்று ஒரு சின்ன அலுமினிய வடிகட்டி, ஒரு டம்ளருக்கு ஒன்று. டம்ளர் மேல் உட்கார வைத்து, தூளைப் போட்டு, ஓட்டைத் தட்டால் அழுத்தி, வெந்நீர் ஊற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். சொட்டுச் சொட்டாக இறங்கும். நம் வீட்டு ஃபில்டரின் குட்டித் தங்கை என்றே சொல்வேன். அடியில் டின் பால் ஊற்றியிருப்பார்கள். பசும்பால் கிடைக்காத காலத்தில் வந்த வழக்கம், இப்போது அதுதான் ருசி. ஹனோயில் முட்டை மஞ்சள் கருவை அடித்து நுரையாக மேலே ஊற்றும் காப்பியும் பால் தட்டுப்பாட்டில் பிறந்ததுதான், 1946இல்.

நான் சூடாகக் கேட்டால் ஐஸ் வேண்டாமா என்று திருப்பிக் கேட்பார்கள். குடிப்பது முக்கியமில்லை, நடைபாதையில் முழங்கால் உயரப் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பதுதான் முக்கியம். எல்லா முக்காலியும் தெருவைப் பார்த்தே போட்டிருக்கும்.

சாலையைக் கடப்பது அவ்வளவு ஆபத்தா?

பார்த்தால் வயிறு கலங்கும். பத்துக் கோடிக்கு மேல் மக்கள்தொகை, வீட்டுக்கு இரண்டு மூன்று பைக். 2007 டிசம்பரிலிருந்து தலைக்கவசம் கட்டாயம், உண்மையாகவே எல்லோரும் போடுகிறார்கள். முதல் நாள் ஒரு சந்திப்பில் நான் கால் மணி நேரம் நின்றேன். எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டி, தோளில் காவடி மாதிரி இரண்டு கூடை, என் மணிக்கட்டைப் பிடித்தார். நிற்காமல், ஓடாமல், திரும்பாமல், ஒரே வேகத்தில் நடந்தார். பைக்குகள் ஓடைத் தண்ணீர் கல்லைச் சுற்றிப் போவது மாதிரி எங்களைச் சுற்றிப் போயின. சூத்திரம் அவ்வளவுதான்: ஒரே சீராக நடங்கள், பின்வாங்காதீர்கள். ஆனால் கார், பேருந்து வந்தால் நின்றுவிடுங்கள், அவற்றால் வளைந்து போக முடியாது.

மழைக்காலத்தில் அவர்கள் போடும் மழைக்கோட்டைப் பார்க்க வேண்டும். ஒரே கோட்டில் இரண்டு தலைக்கு இரண்டு துளை. அப்பா முன்னால், பிள்ளை பின்னால்.

பணம் குழப்புமா?

குழப்பும். நம் ஒரு ரூபாய்க்குச் சுமார் 300 டாங். விலை சொல்லும்போது ஆயிரத்தை விழுங்கிவிடுவார்கள். 'நாற்பது' என்றால் நாற்பதாயிரம். 20,000 நோட்டும் 500,000 நோட்டும் இரண்டுமே நீலம், இரண்டிலும் ஹோ சி மின் படம். நான் ஒரு ஐஸ் டீக் கடையில் 20,000 என்று நினைத்து 500,000ஐக் கொடுத்துவிட்டு நடந்துவிட்டேன். பின்னாலேயே "சி ஓய்! சி ஓய்!" என்று ஒரு குரல். அக்கா, அக்கா என்று கூப்பிட்டபடி அந்தக் கடைப் பெண் செருப்பில்லாமல் ஓடி வந்தாள். நோட்டை என் கையில் திணித்து, சரியான நோட்டை என் பர்ஸிலிருந்து அவளே தேடி எடுத்துக் காட்டி, பெருமூச்சு விட்டுவிட்டுப் போனாள். விமான நிலையத்திலிருந்து வந்த டாக்சிக்காரர் இரண்டு மடங்கு வாங்கியதும் நடந்தது. எனக்கு நினைவில் நிற்பது டீக்கடைப் பெண்தான்.

கடைகளில் பேரம் பேசலாமா?

பேசலாம், ஆனால் காலையில் முதல் ஆளாகப் போய்ப் பேசிவிட்டு வாங்காமல் வராதீர்கள். இதை நான் அனுபவத்தில் கற்றேன். ஏழு மணிக்குச் சந்தையில் ஒரு பனையோலைத் தொப்பியை எடுத்துப் பார்த்தேன், விலை கேட்டேன், பாதிக்குக் கேட்டேன், வைத்துவிட்டு நகர்ந்தேன். சற்றுத் தள்ளிப் போய்த் திரும்பினால், கடைக்கார அம்மா ஒரு காகிதத் துண்டைக் கொளுத்திக் கடை முன்னால் சுற்றிக்கொண்டிருக்கிறார். நமக்குப் போணி என்றால் என்ன என்று தெரியாதா? அங்கே அதற்கு 'மோ ஹாங்', கடை திறப்பு என்று பெயர். முதல் ஆளின் கைராசியில்தான் அன்றைய வியாபாரம். அவர் வாங்காமல் போனால் ஒட்டிய 'வீயா'வை நெருப்பு காட்டி எரிக்க வேண்டும். ஒருவரோடு கூடவே வரும் உயிர்ப்பொலிவு, ராசி, பார்வை எல்லாம் சேர்ந்தது அந்தச் சொல். எனக்கு மனசு கேட்கவில்லை. திரும்பிப் போய்க் கேட்ட விலைக்கே தொப்பியை வாங்கினேன். அவர் அந்த நோட்டை மற்றத் தொப்பிகளின் மேலெல்லாம் தட்டித் தட்டி எடுத்தார். எங்கள் தெரு முனைக் காய்கறிக்கார அக்கா செய்கிற அதே செய்கை.

அங்கேயே பிரசவம் பார்த்தது பயமாக இல்லையா?

மருத்துவமனை நம்முடையது போலத்தான், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் கதை. பிள்ளை பெற்றவள் ஒரு மாதம் குளிர்காற்று படாமல், தலைக்குக் குளிக்காமல், சூடான சாப்பாடாகச் சாப்பிட்டுக்கொண்டு உள்ளேயே இருக்க வேண்டும் என்பது அங்கேயும் சட்டம். பெரியம்மா தினமும் படியேறி வந்து காலுறை போட்டிருக்கிறாளா என்று பார்ப்பார். பால் சுரக்கப் பப்பாளிக்காயும் பன்றிக் காலும் போட்ட கஞ்சிதான் அவர்கள் மருந்து. நாங்கள் சைவம் என்பதால் காலை விட்டுவிட்டு, பப்பாளிக்காயோடு நிலக்கடலை போட்டுத் தனியாகக் கொதிக்க வைத்துக் கொண்டுவந்தார். நான் பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தேன். அவர் முகர்ந்து பார்த்து, ஒரு வாய் சாப்பிட்டு, கண்ணில் நீர் வர, நல்லது நல்லது என்றார்.

குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரு சொல்லை முன்னால் போட்டுத்தான் பேசினார்கள்: "ட்ரோம் வீயா, நன்றாகத் தூங்குகிறாள். ட்ரோம் வீயா, கன்னம் கொழுகொழு." திருஷ்டி படாமலிருக்கச் சொல்வது. தொப்பிக் கடையில் கேட்ட அதே 'வீயா'தான் இதிலும் இருக்கிறது. நாங்கள் குழந்தை கன்னத்தில் வைத்த மைப்பொட்டைப் பார்த்ததும் அவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

குழந்தை வந்த அன்று முறையும் மாறியது. அதுவரை எனக்குப் 'பாக்' ஆக இருந்த பெரியம்மா, அன்றிலிருந்து தன்னைப் 'பா', பாட்டி என்று சொல்லிக்கொள்ளத் தொடங்கினார். குழந்தையின் இடத்தில் நின்று எல்லோரையும் கூப்பிடுவது வழக்கமாம். அப்பாவுக்கு மூத்தவள் என்பதால் 'பாக்' என்ற பெயர் எனக்கு வந்து சேர்ந்தது.

வீடுகள் எப்படி இருக்கும்?

ஒடுக்கம். முகப்பு மூன்று நான்கு மீட்டர், உள்ளே நீளமாகப் போகும், மேலே நான்கைந்து மாடி. குழாய் வீடு என்றே பெயர். சந்துக்குள் சந்து, அதற்குள் இன்னொரு சந்து. கதவு எண்ணில் எத்தனை சாய்கோடு இருக்கிறதோ அத்தனை திருப்பம் என்று கணக்கு. பழைய நகரில் பல தெருக்களுக்கு அங்கே விற்ற பொருளின் பெயர்: ஹாங் பாக் வெள்ளித் தெரு, ஹாங் மா காகிதப் பொருள் தெரு. செருப்பை வாசலில் விட வேண்டும். பெரியவர்களுக்கு எதையும் இரண்டு கையால் தர வேண்டும். இதெல்லாம் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அக்டோபர் மாலைகளில் சந்து முழுக்க ஏழிலைப்பாலைப் பூவின் வாசம், சில நேரம் தலை வலிக்கிற அளவுக்கு.

மதத்தில் நம்பிக்கை உண்டா? பொதுவுடைமை நாடாயிற்றே?

கோயிலைவிட வீட்டில்தான் பார்க்க வேண்டும். ஏறக்குறைய எல்லா வீட்டிலும் முன்னோர் மேடை உண்டு, பெரும்பாலும் மேல்மாடியில். கடைகளில் செல்வ தெய்வத்துக்கும் நில தெய்வத்துக்கும் தரையிலேயே, வாசலைப் பார்த்து ஒரு சிறு மாடம். முன்னால் காப்பி டம்ளர், சில இடங்களில் சிகரெட்கூட.

நான் இருந்தபோது பெரியம்மாவின் கணவருக்குத் திதி வந்தது. 'ஸோ' என்று சொல்கிறார்கள். பழைய தலைமுறை பிறந்த நாளைவிட இதைத்தான் பெரிதாகச் செய்யுமாம். காலையிலிருந்து மகள்களும் மருமகள்களும் தரையில் உட்கார்ந்து சுருட்டிக்கொண்டும் நறுக்கிக்கொண்டும் இருந்தார்கள். முழுக் கோழி, மூங்கில் குருத்து சூப், காக் பழத்தில் சிவந்த ஒட்டரிசிச் சோறு. எல்லாம் முதலில் மாடிக்குப் போனது. அவருக்குக் கடுந்தேநீர் பிடிக்கும் என்று ஒரு சின்னக் கிண்ணம் தனியாக. மூன்று ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டு அது எரிந்து முடியும் வரை யாரும் தொடவில்லை. அவர் சாப்பிட்டு முடிக்க வேண்டுமல்லவா? காகிதச் சட்டையும் காகிதப் பணமும் வாசலில் எரித்தார்கள். அப்புறம் படையலைக் கீழே இறக்கி, பாய் விரித்து, வட்டத் தட்டுக்கு ஆறு பேராக உட்கார்ந்தோம். எனக்கென்று காளானும் சோயாப் பனீரும் வைத்து ஒரு தட்டு தனியாக இருந்தது. அதில் மீன் சாறு படவில்லை என்று மூன்று பேர் வந்து சொன்னார்கள்.

ஆனாலும் யாரும் சாப்பிடத் தொடங்கவில்லை. ஆறு வயதுப் பேத்தி ஒருத்தி நிமிர்ந்து உட்கார்ந்து, "பாட்டி சாப்பிடுங்கள், பெரியப்பா சாப்பிடுங்கள், அப்பா சாப்பிடுங்கள், அம்மா சாப்பிடுங்கள்" என்று வட்டத்தில் ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டே வந்தாள். வடக்கில் இளையவர்கள் இப்படி அழைத்த பிறகுதான் கிண்ணத்தில் கை வைக்க வேண்டும். என் முறை வந்தபோது ஒரு நொடி நிறுத்தினாள். பாட்டியைப் பார்த்தாள். பிறகு "பாக் சாப்பிடுங்கள்" என்றாள்.

போரைப் பற்றிப் பேசுவார்களா? அமெரிக்கர்கள் மேல் கோபம் இருக்கிறதா?

1975 ஏப்ரல் 30இல் போர் முடிந்தது. இப்போது உள்ளவர்களில் பாதிக்கு மேல் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்கள் அதை 'அமெரிக்கப் போர்' என்கிறார்கள். இளைஞர்களிடம் நான் கோபத்தைப் பார்க்கவில்லை. சைகோனில் போர் எச்ச அருங்காட்சியகத்துக்குப் போனேன். போரில் அமெரிக்கப் படை தெளித்த ஆரஞ்சு ரசாயனத்தால் பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் படங்கள் இருந்த அறையை என்னால் முழுதும் பார்க்க முடியவில்லை, வெளியே வந்து உட்கார்ந்துவிட்டேன். பெரியம்மாவிடம் ஒரு முறைதான் கேட்டேன். 1972 டிசம்பரில் ஹனோய் மேல் பன்னிரண்டு நாள் குண்டு விழுந்தபோது அவரைக் கிராமத்துக்கு அனுப்பியிருந்தார்களாம். திரும்பி வந்தபோது காம் தியென் தெருவில் இருந்த தோழியின் வீடு இல்லை. இதைச் சொல்லிவிட்டு எழுந்து போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார்.

அங்கே தமிழ்த் தொடர்பு ஏதாவது இருக்கிறதா?

சைகோனில் ட்ரூவோங் தின் தெருவில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, பென் தான் சந்தைக்குப் பக்கத்தில். புதுச்சேரியும் சைகோனும் ஒரே பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த காலத்தில் நகரத்தார் வட்டித் தொழிலுக்கும், புதுவை, காரைக்கால்காரர்கள் அரசு வேலைக்கும் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் திரும்பிவிட்டார்கள், அம்மன் அங்கேயே இருக்கிறாள். இப்போது கும்பிடுகிறவர்கள் வியட்நாமியப் பெண்கள். ஊதுபத்தியை நெற்றிக்கு உயர்த்திக் கும்பிட்டுவிட்டு, கருவறைக்குப் பின்னால் போய்ச் சுவரில் நெற்றியை அழுத்தி ஏதோ முணுமுணுக்கிறார்கள். நானும் அவர்களோடு நின்று என் நெற்றியை வைத்தேன், கல் குளிர்ச்சியாக இருந்தது. இந்தத் தொடர்பின் மறுமுனை புதுச்சேரியில் இருக்கிறது. வியட்நாம் வழி வந்த குடும்பங்கள் இன்றும் அங்கே வாழ்கின்றன.

தானாங் பக்கம் மி சன் என்ற இடத்தில் சம்பா அரசர்கள் கட்டிய சிவாலயங்கள் செங்கல் கோபுரங்களாக நிற்கின்றன. 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் மிகப் பெரிய கோபுரம் விழுந்துவிட்டது. நம் தொல்லியல் துறை சீரமைத்தபோது 2020இல் ஒரே கல்லில் செய்த லிங்கம் ஒன்று வெளிவந்தது. அந்தச் சம்பா நாட்டின் வழிவந்த சம் மக்களில் இந்து வழிபாட்டைப் பின்பற்றுகிறவர்கள் இன்றும் நின் துவான் பகுதியில் இருக்கிறார்கள்.

பெண்கள் தனியாகப் போகலாமா?

போகலாம். ஹனோயிலிருந்து சைகோன் வரை 1,726 கிலோமீட்டர் ரயில் பாதை. அதில் மூன்று துண்டாகத் தனியாகப் போனேன், ஒரு இரவு உட்பட. கைப்பையை மட்டும் தெருப் பக்கம் தொங்கவிடாதீர்கள், பைக்கில் வந்து பறிப்பது சைகோனில் நடக்கிறது. மற்றபடி கடை, சந்தை, அலுவலகம், கட்டட வேலை என்று எங்கு பார்த்தாலும் பெண்கள்தான். கல்யாணமானாலும் பெயரை மாற்றுவதில்லை.

கழிவறையில் தண்ணீர் இருக்குமா?

இருக்கும். நம்மூர் மாதிரிப் பீச்சுக்குழாய் உண்டு. கவலை வேண்டாம்.

பிடிக்காதது எதுவுமே இல்லையா?

உண்டு. சத்தம். மாலையானால் யாராவது ஒருவர் வீட்டு ஒலிபெருக்கியில் பாட ஆரம்பிப்பார், பச்சைக் குழந்தை இருக்கும் வீடு என்று பார்ப்பதில்லை. நவம்பரில் ஹனோய்க் காற்று புகை மண்டி மோசமாகிவிட்டது, குழந்தைக்காகச் சன்னலைச் சாத்தியே வைத்தோம். சாப்பாட்டுக் கடையில் பக்கத்தில் உட்கார்ந்து புகைப்பார்கள். முறை வைத்துப் பேசுவதிலும் கஷ்டம் இருக்கிறது. தம்பியின் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் கூட்டத்தில் ஒரு தவறைப் பார்த்தும் சொல்லவில்லையாம், எதிரே இருந்தவர் 'சூ' என்பதால். சித்தப்பாவிடம் எப்படித் தப்பு என்று சொல்வது? இதுவும் நமக்குத் தெரிந்த கஷ்டம்தான்.

எப்போது போகலாம், விசா கிடைக்குமா?

வடக்குக்கு அக்டோபர், நவம்பர். சந்திரப் புத்தாண்டான 'தெத்' சமயத்தில் போகாதீர்கள், நிறையக் கடை மூடியிருக்கும், ரயிலில் இடம் கிடைக்காது. இந்தியர்களுக்கு இணையவழி விசா உண்டு, 90 நாள் வரை. மதியம் பதினொன்றரையிலிருந்து ஒன்றரை வரை யாரிடமும் வேலையை எதிர்பார்க்காதீர்கள், நாடே கண்ணயரும் நேரம்.

மறுபடி போவீர்களா?

கிளம்பும் அன்று பெரியம்மா ஒரு தாளை மடித்துக் கையில் வைத்தார். 17/9 என்று மட்டும் எழுதியிருந்தது. செப்டம்பர் 17 என்று நினைத்தேன். தம்பி சிரித்துக்கொண்டே, ஒன்பதாம் சந்திர மாதம் பதினேழாம் நாள், அவர் கணவரின் திதி, அடுத்த முறை அன்றைக்கு இருக்கிற மாதிரி வரச் சொல்கிறார் என்றான். ஊருக்கு வந்து பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். ஐப்பசித் தேய்பிறை துவிதியை பக்கம் வருகிறது. குறித்து வைத்திருக்கிறேன்.